வெளிநாட்டு டார்ச், ஐந்து வருட வாரண்டி: அனுப்பித் திரும்ப வாங்கியவர் உண்டா?

2 செப்டம்பர் 2023 (ஒரு வாசகரின் கேள்வி)

ஒரு டார்ச் வாங்கப் பார்க்கிறேன். ஆறாயிரத்துக்கு மேல் வருகிறது. பெட்டியில் ஐந்து வருட வாரண்டி என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் கம்பெனி சீனாவில், இங்கே சர்வீஸ் கிடையாது. யாராவது உண்மையிலேயே வெளிநாட்டுக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கியிருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆனது, எவ்வளவு செலவு? அந்த ஐந்து வருடத்தை நம்பிக் காசு கொடுக்கலாமா?

3 செப்டம்பர் 2023, இரவு

நான் இப்போது அனுப்பப்போகிறேன். நாளை மறுநாள் தூத்துக்குடி போய் பார்சல் போட வேண்டும், எல்லாம் கட்டி வைத்தாயிற்று. முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்றால் அதற்குள் உங்களுக்கே மறந்துபோகும். அதனால் நடக்க நடக்க எழுதுகிறேன்.

என்னுடையது உள்ளங்கையில் அடங்குகிற அலுமினிய லைட். ஒரே ஒரு 18650 பேட்டரி, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்கிற லித்தியம் அயான் வகை. பின்னால் அழுத்தும் ஸ்விட்ச், பக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான். 2020 டிசம்பரில் மச்சினன் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தான். எனக்கு ஏரல் பக்கம் சக்கை வாழை இருக்கிறது. இரவு முறை கரண்ட் வந்தால் பதினோரு மணிக்கும் மோட்டார் போடப் போக வேண்டும், நடுவில் மடை மாற்ற வேண்டும். ஒரு கையில் மம்பட்டி, மறுகையில் இந்த லைட். இரண்டரை வருடம் ஒரு நாளும் காலை வாரவில்லை. ஜூன் கடைசியில் பெரிய வெளிச்சத்தில் வைத்தால் நடுங்க ஆரம்பித்தது. பத்து நாளில் சுத்தமாக அணைந்துவிட்டது.

வாங்கிய கடையைக் கேட்டோம். முதல் வருடம்தான் எங்கள் பொறுப்பு, அதற்குப் பிறகு நேராகக் கம்பெனிக்கு எழுதுங்கள் என்றார்கள். கம்பெனிக்கு எழுதினால் பழுதின் வீடியோ, சீரியல் நம்பர், பில் மூன்றும் கேட்டார்கள். பில் காகிதத்தில் எழுத்தே இல்லை, அந்த வகைத் தாள் வெயிலில் வெளுத்துவிடும். நல்லவேளை, வாங்கிய அன்றே மச்சினன் பில்லைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். இரண்டரை வருடத்துக்கு முந்தைய அரட்டையைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். நீங்கள் எதை வாங்கினாலும் பில்லை வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் ஆறு வாரம் போனது. ஒரு மெயிலுக்குப் பதில் வர நாலு நாள் ஆகும், அதில் ஒரு கேள்வி இருக்கும். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அனுப்பும் செலவு என்னுடையது, திரும்பி வரும் செலவு அவர்களுடையது. பேட்டரி மட்டும் வரக்கூடாது.

5 செப்டம்பர் 2023

போட்டாயிற்று. சர்வதேச ஸ்பீடு போஸ்ட், ₹1,240. கவுன்டரில் இருந்த அம்மா உள்ளே என்ன என்று கேட்டார். டார்ச் என்றதும் கை நின்றுவிட்டது. "பேட்டரி இருக்கா?" இல்லை என்று சொல்லிப் பின்மூடியைக் கழற்றி வெறுங்குழாயைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடைக்கு வைத்தார். ஆகவே பெட்டியை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். டேப்பைக் கையில் எடுத்துப்போய் அங்கேயே ஒட்டுங்கள்.

சுங்கப் படிவத்தில் 'பழுது பார்க்க அனுப்புவது, விற்பனைக்கு அன்று, பேட்டரி இல்லை' என்று எழுதினேன். அதன் நகல், ரசீது, சீரியல் நம்பர் தெரிகிற படம் மூன்றையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். 2017-ஆம் ஆண்டின் 45-ஆம் எண் சுங்க அறிவிக்கை என்று ஒன்று இருக்கிறது. பழுது பார்க்க வெளிநாடு போன பொருள் மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்தால், முழு மதிப்புக்கும் வரி கிடையாது. பழுதுச் செலவு, போகவர அஞ்சல் செலவு, காப்பீடு இவற்றின் மேல்தான் வரி. அதே பொருள்தான், சொந்தக்காரர் மாறவில்லை என்று நாம் காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்த நகல்கள். திருப்பி அனுப்பும்போது இந்தத் தாள்களின் பிரதியைப் பெட்டிக்குள் போடச் சொல்லிக் கம்பெனிக்கும் எழுதிவிட்டேன்.

6 செப்டம்பர் 2023

பேட்டரியை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். லித்தியம் அயான் பேட்டரி தனியாகப் போனால் அதற்கு ஐ.நா. ஆபத்துப் பொருள் எண் 3480. கருவிக்குள்ளோ கருவியோடோ போனால் 3481. தனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தின் சரக்குப் பகுதியில் ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை. சரக்கு விமானம் என்றாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. நாமே விமானத்தில் போகும்போது உதிரி பேட்டரியைக் கைப்பையில் வைக்கச் சொல்வதும் இதே பயத்தால்தான். தீப்பிடித்தால் கண்முன்னே பிடிக்கட்டும், அணைக்க ஆள் இருக்கும்.

9 செப்டம்பர் 2023

லைட் போனதிலிருந்து இரவில் செல்போன் வெளிச்சத்தில்தான் மடை மாற்றுகிறேன். குனியும்போது தண்ணீரில் விழுந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்று பரணில் கிடந்த அப்பாவின் மூணு கட்டை டார்ச்சை இறக்கினேன். பளபளவென்று இருக்கும் தகர உடம்பு, முன்னால் தள்ளும் ஸ்விட்ச். எனக்கு விவரம் தெரிந்த நாளாக வீட்டில் இருந்தது. உள்ளே பழைய கட்டைகள் பொங்கி ஒட்டிக்கிடந்தன. தட்டித் தட்டி வெளியே எடுத்து, எலுமிச்சம்பழம் தேய்த்து ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்தேன். பெட்டிக்கடையில் புதுக் கட்டை மூன்று வாங்கிப் போட்டதும் மஞ்சளாக எரிந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

இன்னொன்றும் எழுத வேண்டும், அனுப்புவதற்கு முன் பழுது எங்கே என்று நானாகப் பார்த்தது. பின்மூடியைக் கழற்றுங்கள். பேட்டரியின் அடி வெளியே தெரியும், அது மைனஸ். அதையும் குழாயின் உலோகத்தையும் கொஞ்சம் தடித்த ஒயர்த் துண்டால் சேர்த்துத் தொடுங்கள். லைட் எரிந்தால் கோளாறு பின் ஸ்விட்சில். எரியாவிட்டால் தலையில், அதாவது டிரைவர் போர்டில் (எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சர்க்யூட்) அல்லது எல்இடியில். எனக்கு எரியவில்லை. அதனால்தான் டிரைவர் போயிருக்கிறது, இங்கே பார்க்க முடியாது என்று முடிவு செய்து அனுப்பினேன்.

11 செப்டம்பர் 2023

ஒரு திருத்தம். எல்லாக் கசிவுக்கும் எலுமிச்சை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆல்கலைன் பேட்டரியில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். அதற்குத்தான் எலுமிச்சையோ வினிகரோ. சாதா துத்தநாகக் கட்டையில் கசிவது அமிலப் பக்கம், அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். அப்பாவின் டார்ச்சில் இருந்தது சாதா கட்டை. நான் அமிலத்தின் மேல் அமிலத்தைத் தேய்த்திருக்கிறேன். இன்று சோடா போட்டுத் துடைத்து உலர்த்தி வைத்தேன்.

20 செப்டம்பர் 2023

18-ஆம் தேதி பார்சல் சீனாவில் கம்பெனி இருக்கிற சென்ஷென் நகரம் சேர்ந்துவிட்டது. பதின்மூன்று நாள், மோசமில்லை. கம்பெனியிலிருந்து 'பெற்றோம், வரிசையில் உள்ளது' என்று ஒரு வரி.

இங்கே ஒருவர் தன் பார்சல் எண்ணைப் போட்டால் 'தவறான எண்' என்று வருகிறது, பார்சலே தொலைந்துவிட்டது என்று பதறியிருந்தார். தொலைந்திருக்காது, எண்ணை எழுதியதில் ஒரு இலக்கம் பிசகியிருக்கும். நாடு விட்டு நாடு போகிற அஞ்சலின் எண்ணுக்கு உலகம் முழுக்க ஒரே அமைப்புதான். முன்னால் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக்கு இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே இருப்பது. முதல் எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழியுங்கள். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் வைத்துக்கொள்வார்கள். 47312482 என்று எடுத்தால் கூட்டுத்தொகை 200, மீதி 2, ஆக ஒன்பதாவது இலக்கம் 9. உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் ரசீதை வெளிச்சத்தில் வைத்து 1-ஆ 7-ஆ என்று மறுபடி பாருங்கள்.

21 செப்டம்பர் 2023

அவர் எண் கிடைத்துவிட்டதாம். 3-ஐ 8 என்று எழுதியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம்.

8 அக்டோபர் 2023

சத்தமே இல்லை. சீனாவில் செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 6 வரை விடுமுறை, நிலாப் பண்டிகையும் தேசிய நாளும் சேர்ந்து வந்துவிட்டது. நான் இரண்டு வாரம் கழித்து அனுப்பியிருந்தாலும் இதே நாளில்தான் பார்த்திருப்பார்கள். இனி அனுப்புகிறவர்கள் அக்டோபர் முதல் வாரத்தையும் அவர்களுடைய புத்தாண்டையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வருகிற புத்தாண்டு 2024 பிப்ரவரி 10. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் இழுக்கும்.

15 அக்டோபர் 2023

செப்டம்பர் 9-ஆம் தேதி எழுதிய சோதனையில் பெரிய தப்பு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாராவது லைட்டை அனுப்பியிருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

நேற்று பக்கத்து ஊர் நண்பர் தன் லைட்டைக் கொண்டுவந்தார், அதே போலச் செத்துப்போனது. நான் சொன்னபடி ஒயரால் தொட்டோம், எரியவில்லை. தலைதான் போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மகன் ஒயரைக் குழாயின் விளிம்பில், மரை முடிகிற இடத்தில் வெள்ளையாகத் தெரிகிற வளையத்தில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது.

குழாயின் மேல் இருக்கிற அந்தக் கறுப்பு நிறம் பெயின்ட் இல்லை. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி வளர்த்த ஆக்சைடுத் தோல். அதில் மின்சாரம் பாயாது. நான் ஜூலையில் என் லைட்டைச் சோதித்தபோது ஒயரைக் கறுப்பின் மேல் வைத்தேனா, வெள்ளை விளிம்பில் வைத்தேனா? குழாயின் பக்கவாட்டில் வைத்துப் பிடித்ததாகத்தான் ஞாபகம். அப்படியானால் அந்தச் சோதனையே சோதனை இல்லை. பின் ஸ்விட்சில் ஒரு வளையம் தளர்ந்திருக்கலாம், முள்வாங்கியால் திருகியிருந்தால் இரண்டு நிமிட வேலையாக முடிந்திருக்கலாம். இப்போது பார்க்கலாம் என்றால் லைட் இரண்டாயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் ஒரு வரிசையில் நிற்கிறது.

தூக்கம் வரவில்லை, அதனால் இந்நேரத்துக்கு எழுதுகிறேன். சோதிக்கிறவர்கள் வெள்ளையாகத் தெரிகிற விளிம்பில் மட்டும் தொடுங்கள். அதற்கு முன் ஒரு துணியில் ஸ்பிரிட் தொட்டு மரையையும் விளிம்பையும் துடைத்து, பின்மூடிக்குள் தெரிகிற வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நண்பரின் லைட்டில் அதுதான் தளர்ந்திருந்தது.

2 நவம்பர் 2023

பதில் வந்தது. 'உதிரிபாகத்துக்குக் காத்திருக்கிறோம்.' எந்தப் பாகம் என்று கேட்டிருக்கிறேன்.

13 நவம்பர் 2023

நேற்று தீபாவளி. கேள்வி கேட்ட வாசகர் 'ஆயிரம் லூமன், இருநூறு மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பலாமா' என்று கேட்டிருக்கிறார். எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவைப்படி அளந்தது என்று பெட்டியில் இருந்தால் நம்பலாம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்து நம்ப வேண்டும். லூமன் என்பது லைட் தரும் மொத்த வெளிச்சம். அதை லைட் போட்ட அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் அளக்கிறார்கள், அதன் பிறகு சூட்டால் குறைவது அதில் வராது. எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்கும். தூரம் என்பது கால் லக்ஸ் விழுகிற இடம், அதாவது பௌர்ணமி நிலவு அளவுக்கு வெளிச்சம். இருநூறு மீட்டரில் ஒரு ஆள் நிற்பது தெரியலாம், யார் என்று தெரியாது. வாழைத் தோட்டத்துக்கு நாலடி தூரத்தில் தரை நன்றாகத் தெரிந்தால் போதும். எனக்கு லூமனைவிட அதுதான் பெரிசு.

24 டிசம்பர் 2023

இன்றுதான் கரண்டும் டவரும் ஒழுங்காக இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பத்திரம்.

17-ஆம் தேதி ஞாயிறு காலையிலிருந்து விடாத மழை. காயல்பட்டினத்தில் திங்கள் காலை வரைக்கும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு செய்தியில் பார்த்தோம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் எண்ணூறு பேர் நடுவழியில் மாட்டிக்கொண்டதும் அதே இரவுதான். எங்களுக்குச் செய்தி எதுவும் தெரியாது. கரண்ட் ஞாயிறு மாலையே போனது, செல்போன் டவர் நள்ளிரவில் போனது. தாமிரபரணி எந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு வருகிறது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

தெருவில் முழங்கால் அளவு வந்தபோது மணி இரண்டு இருக்கும். எதிர்வீட்டுப் பெரியம்மா தனியாக இருப்பார், வயது எண்பதுக்கு மேல். அவரை எங்கள் மாடிக்குக் கொண்டுவர வேண்டும். பின்கட்டில் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். வீட்டில் இருந்த பிளாஸ்டிக் சார்ஜர் லைட் ஒரு மணி நேரத்தில் மங்கிவிட்டது, கரண்ட் போவதற்கு முன் அதைச் சார்ஜில் போடத் தோன்றவில்லை. கையில் மிஞ்சியது அப்பாவின் மூணு கட்டை டார்ச். மஞ்சள் வெளிச்சம், பதினைந்தடிக்கு மேல் போகாது. செம்மண் தண்ணீரில் அதைக் காட்டினால் மேலே பளபளப்புதான் தெரிகிறது, அடியில் சாக்கடை எங்கே தெரு எங்கே என்று தெரியாது. தம்பி மகன் கம்பால் குத்திக் குத்தி முன்னால் போனான், நான் பெரியம்மாவை முதுகில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அம்மா மாடியில் நின்று எங்கள் மேல் வெளிச்சம் பிடித்தார். கை நடுங்கவில்லை அவருக்கு.

அந்த நேரம் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். நல்ல லைட் ஒன்று எனக்கு இருக்கிறது, அது சென்ஷென்னில் யாரோ ஒருவரின் அலமாரியில் இருட்டுக்குள் கிடக்கிறது என்று வயிறு எரிந்தது. அந்தக் கம்பெனிமேல் அப்படி ஒரு கோபம். விடிந்த பிறகு யோசித்தால் அது நியாயமில்லை. அவர்கள் வரிசைப்படி பார்க்கிறார்கள், அவர்களுக்கு ஏரல் எங்கே தெரியும். தப்பு என்னிடம். ஒரே லைட்டை நம்பி இருந்தேன், அது போனபிறகும் எழுநூறு ரூபாய்க்கு இன்னொன்று வாங்கி வைக்கவில்லை. 'எப்படியும் வந்துவிடும்' என்ற நினைப்பு மூன்று மாதமாக என் கையைக் கட்டிப்போட்டிருந்தது. வாரண்டிக்கு அனுப்புகிறவர்கள் அனுப்பிய அன்றே ஒரு மாற்று லைட் வாங்கிவிடுங்கள். செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாழை முழுவதும் சாய்ந்துவிட்டது. தார் வெட்ட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

27 டிசம்பர் 2023

விசாரித்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. சென்னையிலிருந்து ஒருவர், மிக்ஜாம் புயலில் தானும் இந்த மாதத் தொடக்கத்தில் இருட்டில் கிடந்தவர், எனக்கு ஒரு லைட் அனுப்பிவைக்கிறேன் என்றார். வேண்டாம், தூத்துக்குடியிலேயே வாங்கிவிட்டேன். அவருடைய மனசு பெரிது.

26 ஜனவரி 2024

சரிசெய்துவிட்டார்களாம், நேற்று முன்தினம் அனுப்பிவிட்டார்களாம். என்ன பழுது என்று எழுதவில்லை.

28 பிப்ரவரி 2024

நேற்று வந்தது. நான் பார்சல் போட்ட நாளிலிருந்து 175 நாள்.

போஸ்ட்மேன் அண்ணாச்சி பெட்டியோடு வரிச் சீட்டையும் நீட்டினார், ₹1,600-க்குச் சற்று மேல். பெட்டியைப் பிரித்தால் நான் போடச் சொன்ன தாள்கள் உள்ளே இல்லை. 'டார்ச், 25 டாலர்' என்று மட்டும் மேலே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பழுது பார்த்துத் திரும்புகிற பொருள் என்று சுங்கத்துக்குத் தெரிய வழியே இல்லை. சலுகை கைநழுவிவிட்டதே என்று நேற்று முழுவதும் அங்கலாய்த்தேன்.

லைட் எரிகிறது. பெரிய வெளிச்சத்தில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன், நடுக்கம் இல்லை.

29 பிப்ரவரி 2024

நேற்றைய அங்கலாய்ப்பு தேவையில்லாதது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25 டாலர் என்றால் ₹2,075. சலுகை கிடைத்திருந்தால் வரி எதன் மேல்? போன செலவு ₹1,240, வந்த செலவு எப்படியும் ஆயிரம் இருக்கும், அதோடு பழுதுச் செலவு. கம்பெனி இலவசமாகச் செய்திருந்தாலும் நியாயமான பழுதுச் செலவைச் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று அந்த அறிவிக்கை சொல்கிறது. கூட்டினால் 2,075-ஐத் தாண்டிவிடுகிறது. அந்தச் சலுகை லட்ச ரூபாய் கேமராவுக்கும் மருத்துவக் கருவிக்கும் பெரிய உதவி. டார்ச்சுக்கு ஒன்றுமில்லை. செப்டம்பர் 5-இல் நான் அதைப் பெரிதாக எழுதியதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

4 மார்ச் 2024

நாலு இரவு தோட்டத்தில் பயன்படுத்திவிட்டேன். ஏதோ மாறியிருக்கிறது என்று முதல் நாளே பட்டது, இப்போதுதான் பிடிபட்டது. வெளிச்சத்தின் நிறம்.

பழைய எல்இடி 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு, எண் கூடக் கூட நீலம் கூடும்), நிறம் காட்டும் திறன் நூற்றுக்கு 90-க்கு மேல். மதிய வெயில் போல இருக்கும். இப்போது போட்டிருப்பது நீலம் கலந்த வெள்ளை, 6500 இருக்கும். சுவரில் அடித்தால் பழையதைவிடப் பளிச்சென்றுதான் தெரிகிறது. ஆனால் தரையில் அடித்தால் எல்லாம் சாம்பல். காய்ந்த வாழைச் சருகு, மட்டை, மண் எல்லாம் ஒரே நிறம். கண்ணாடி விரியன் படுத்துக்கிடப்பது இந்த மாதிரிச் சருகில்தான். அதன் முதுகில் இருக்கிற பழுப்பு வட்டங்களைப் பழைய வெளிச்சம் பிரித்துக் காட்டும். 2021-இல் ஒரு தடவை இரண்டடிக்கு முன்னால் பார்த்து நின்றிருக்கிறேன். இந்த வெளிச்சத்தில் அன்று நின்றிருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன்.

19 மார்ச் 2024

பதில்: தலையையும் பின்மூடியையும் முழுதாக மாற்றினோம், பழைய வகை எல்இடி இப்போது தயாரிப்பில் இல்லை, கழற்றிய பாகங்களை வைத்திருப்பதில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆக ஸ்விட்ச் போனதா டிரைவர் போனதா என்பது எனக்கு இனி தெரியப்போவதில்லை. அக்டோபரில் அவ்வளவு வருத்தப்பட்டேன், இப்போது அது போய்விட்டது. நிறம்தான் உறுத்துகிறது.

முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். வாரண்டி பொய்யில்லை, சொன்னபடி செய்தார்கள். அனுப்பியது 1,240, வரி 1,600, மாற்று லைட் 700, ஆக மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கிட்டத்தட்ட. ஆறாயிரம் ரூபாய் லைட்டுக்குப் பாதிக்கு மேல். மெயில் எழுதிய ஆறு வாரத்தையும் சேர்த்தால் ஏழு மாதம். நீங்கள் வாங்குங்கள், நல்ல பொருள் நல்ல பொருள்தான். ஆனால் அந்த ஐந்து வருடத்துக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். இரண்டு லைட்டை ஒப்பிட்டால் எதன் தலை மரை கழலும், எதன் ஸ்விட்சை உள்ளூரில் மாற்றலாம் என்று பாருங்கள். தலையைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் யோசியுங்கள்.

12 மே 2024

தலையை ஒட்டியிருந்தால் யோசியுங்கள் என்று எழுதினேன். என்னுடையதே ஒட்டியதுதான், அது கழலும் என்று இப்போது தெரியும்.

தூத்துக்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ஒரு பையனிடம் காட்டினேன். இருபத்தைந்து வயது இருக்கும். பழைய நிறத்திலேயே ஒரு எல்இடி, மூன்றரை மில்லிமீட்டர் சதுரம், ஆன்லைனில் ₹350-க்கு நானே வாங்கிக் கொண்டுபோனேன். ஹாட் ஏர் அடித்ததும் மரைப்பசை இளகி, ரப்பர் பெல்ட்டைச் சுற்றித் திருகினால் முன்வளையம் கழன்றது. செம்புத் தகட்டைச் சூடாக்கும் மேடையில் வைத்துப் பழையதைச் சாமணத்தால் தூக்கினான். புதியதை வைக்க 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சாலிடர் பசையைத் தொட்டவன், நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான்: "அண்ணாச்சி, இது எரியும்போது எவ்வளவு சூடாகும்?" கையில் பிடிக்க முடியாது என்றேன். அதை மூடி வைத்துவிட்டு 183 டிகிரியில் உருகும் ஈயத்தை எடுத்தான். எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்திருந்தது.

முக்கால் மணி நேரம். இருநூறு ரூபாய் கேட்டான், முந்நூறு கொடுத்தேன். வாரண்டி இத்தோடு போனது, இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது.

23 மே 2024

புதுக் கன்று நட்டு மூன்று மாதம் ஆகப்போகிறது, பழைய சருகை மூடாக்காகப் போட்டிருக்கிறேன். நேற்று இரவு முறை. மூன்றாவது மடை மாற்றப் போகும்போது வரப்போரம் சருகுக்குள் ஒரு அசைவு. லைட்டை இறக்கிப் பிடித்தேன். மஞ்சள் கலந்த பழுப்பு, வட்டம் எதுவும் இல்லை, வால் பக்கம் கறுப்புக் கோடுகள். சாரை. அது போகட்டும் என்று நின்றேன், போனது. பிறகு மடையை மாற்றினேன்.